பந்தலுக்குப் போன தொட்டித் தண்ணீர்

என் அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் கேட்டால், அந்த வருஷத்து வறட்சி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நானும் அதையே சொல்லி வந்தேன். காரணம் நான். அவள் போன ஆடியில் இறந்துவிட்டாள். இனி இதை ஒப்புக்கொள்வதால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் இருந்தபோது சொல்லியிருந்தாலும் புதிதாக எதையும் சொன்னதாகியிருக்காது. அவளுக்கு எல்லாம் அன்றைக்கே தெரியும்.

திருத்தணியிலிருந்து வடக்கே ஆந்திராப் பக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் மலையும் கோபுரமும் தெரியும். மலைமேல் சாமி நின்றார். மேகம் மட்டும் நிற்கவில்லை. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் மழை மூன்றாவது முறையாக ஏமாற்றியது. ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. நைனா போட்ட கடலை மண்ணிலேயே வெந்துபோனது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊர்க் கிணற்றில் வாளி விட்டால் பாறையில் மோதும் சத்தம் கேட்கும். பெண்கள் உள்ளே இறங்கிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைய ஒரு காலைப்பொழுது ஆகும்.

அந்த நாளில் ஊரில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு ஏரி முழுவதும் இருந்தது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை, ஏரிக்கரைக் கருவேல மறைவுக்குக் கும்பலாகப் போய்வருவார்கள். வறட்சியில் அந்தக் கருவேலத்தையும் விறகுக்கு வெட்டியாகிவிட்டது. காலையிலிருந்து மாலை வரைக்கும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை. அந்த ஊரில் எந்த ஆணுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. பெரிய வகுப்புக்கு வந்ததும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவார்கள். அதற்குப் பெற்றோரின் அறியாமைதான் காரணம் என்று ஆசிரியர்கள் ஆண்டு விழாவில் பேசுவார்கள்.

இதைப் பற்றி யோசித்த முதல் ஆண் எங்கள் தலைமை ஆசிரியர். வெளியூர்க்காரர். அவருக்கு நான்கு பெண்கள். ஆபீஸ் ஆபீஸாக நடந்து, பள்ளிக்கூடத்தின் பின்சுவர் ஓரமாக இரண்டு அறை வைத்து ஒரு குழிக் கக்கூஸ் கட்ட வைத்தார். பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியும் மரமூடியும். கட்டிடம் அரசாங்கம் கொடுத்தது, தண்ணீரை யாரும் கொடுக்கவில்லை. திறந்த ஒரு மாதத்தில் அதைப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். பெரிய வகுப்புப் பெண்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருத்தியும் தினம் ஒரு செம்புத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். செம்பு வராதவளுக்கு அன்று சாவி கிடையாது.

இதற்கு எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது.

"குடிக்கவே தண்ணி இல்ல. அந்தக் கருமத்துல கொண்டும்போய் ஊத்தறியா?" என்றாள் அம்மா.

"நான் குடிக்கிற பங்குலதாம்மா எடுத்துகினு போறேன். உன் ஒலைத் தண்ணீல கையி வெக்கல" என்றாள் அக்கா.

சாவி அவளிடம் இருந்தது. தொட்டியை வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவாள். குவளை ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். அதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. எங்கள் வகுப்புகளுக்கு வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானையில் பாசி இருக்கும், சில சமயம் பல்லி இருக்கும். அந்தத் தொட்டியில் அடித்தரை தெரியும். அந்த வருஷம்தான் அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்தேன். மரத்தடியில் தோழிகளோடு நின்று, தலையை அண்ணாந்து, சிரித்துப் புரையேறிக் குடிப்பாள். இவளுக்கு என்ன புதுப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியிறுதியான பதினோராம் வகுப்பு முடித்து டீச்சர் டிரெயினிங் போவது என்று அவள் தீர்மானம் செய்திருந்தாள். தலைமை ஆசிரியர் நைனாவிடம் பேசி அரை மனதாகச் சம்மதமும் வாங்கியிருந்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஆந்திராப் பக்கத்திலிருந்து காவடிக்காரர்கள் எங்கள் சாலை வழியாகத்தான் திருத்தணிக்கு நடப்பார்கள். மஞ்சள் துணி, பூக்காவடி, கன்னத்தில் அலகு, வெறுங்கால். அவர்களுக்கு எங்கள் ஊர் எல்லையில் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு முறை வரும். கடைசிக் காவடி தாண்டுகிற வரைக்கும் பந்தலில் பானை காலியாகக் கூடாது; காலியானால் முறைக்காரன் வீடு விளங்காது என்று நம்பினார்கள். அந்த வருஷம் எங்கள் முறை. மாட்டைப் பிடித்து விற்கும் நிலையில் இருந்த நைனா, முறையை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்.

அம்மாவும் அக்காவும் வேண்டுதலுக்காக விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டார்கள். நைனா இரண்டு நாளாகச் சேர்த்த தண்ணீரைப் பானைகளில் நிரப்பி, கொஞ்சம் மோர் கலந்து வைத்தார். காலை பத்து மணிக்கெல்லாம் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. பம்புசெட் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு வருகிறேன் என்று மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "நான் வர்ற வரைக்கும் அளந்து ஊத்துடா" என்றார்.

அளந்து ஊற்ற முடியவில்லை. சாலையில் வெயிலும் காவடியும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பந்தலை மேற்பார்வை பார்த்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கே மூத்தவர். எனக்குத் தாத்தா முறை.

"ஏன்டா, பானைல இன்னா கீது?"

"அடீல கொஞ்சம் கீது தாத்தா."

"உங்க நைனா இன்னும் வர்ல பாத்தியா? மொறை வேணும்னு குதிக்கத் தெரிது. பானை கவுந்துச்சினா ஊருக்குள்ள தலகாட்ட முடியாது, சொல்லிட்டேன்."

அப்போது இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மாள் வந்து கையேந்தினாள். "பாபு, கொஞ்செம் மஞ்சி நீள்ளு" என்று தெலுங்கில் தண்ணீர் கேட்டாள். குழந்தையின் உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. கடைசிப் பானையைச் சாய்த்து ஊற்றினேன். குழந்தைக்கு வந்தது, தாய்க்கு வரவில்லை. அவள் கையை நக்கினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொட்டியின் ஞாபகம் வந்தது.

லீவு நாளுக்கு முன்தினம் பெண்கள் ஆளுக்கு இரண்டு செம்பு ஊற்றித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தார்கள். திருவிழா முடிந்தும் விருந்தாளிகள் தங்குவார்கள், வீட்டில் ஒரு செம்புகூடக் கிடைக்காது என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். நான் வீட்டுக்கு ஓடி, விளக்கு மாடத்தில் அவள் வைத்திருந்த சாவியை எடுத்தேன். ஒரே கயிற்றில் இரண்டு சாவி. சின்னது தொட்டி மூடிக்கு. பந்தலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஓர் இடிந்த சுவர்தான். குடத்தைத் தோளில் வைத்து எட்டு நடையோ ஒன்பது நடையோ நடந்தேன். தண்ணீர் என் முதுகில் வழிந்தது. நான் செய்கிறது தப்பு என்று ஒரு கணமும் தோன்றவில்லை. கர்வமாக இருந்தது.

முதல் குவளையைப் பெரியவரே வாங்கிக் குடித்தார். இரண்டாவதும் குடித்தார். "எந்தக் கெணத்துத் தண்ணிடா இது, எளநி மாரி கீது?" என்றார். நான் பதில் சொல்லாமல் சிரித்தேன். அவர் என் தலையில் கைவைத்து, பக்கத்தில் இருந்தவர்களிடம், "அப்பன் கைவிட்டாலும் புள்ள காப்பாத்திட்டான் பாரு" என்றார். குழந்தையோடு வந்த அம்மாள் வயிறு முட்டக் குடித்துவிட்டு, "சல்லகா உண்டு பாபு" என்று என்னை வாழ்த்தினாள். குளிர்ச்சியாக இரு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு வாழ்த்து இல்லை.

நைனா மதியத்துக்கு மேல் காலிப் பீப்பாயோடு திரும்பினார். பம்புசெட்டுக்குக் கரண்ட் வரவில்லையாம். அவர் முகம் செத்திருந்தது. நிறைந்திருந்த பானைகளைப் பார்த்தார், என் ஈரச் சட்டையைப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமல் இருந்தார் என்பது இப்போது புரிகிறது. நான்கூடப் பின்னால் ஒரு நாள் அதே போலக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தது. முதலில் போன பெண் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்து அக்காவிடம் சொன்னாள். அக்கா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வறட்சியில் தரையில் சிந்திய ஈரத்தை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. இடிந்த சுவரிலிருந்து பந்தல் வரைக்கும் கோடு போட்டது போலத் தண்ணீர் சிந்தியதை முன்தினமே பார்த்த ஒருத்தி, தொட்டி காலி என்ற பேச்சைக் கேட்டதும் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் குடித்தது, காவடி குடித்தது, பெரியவர் இரண்டு குவளை குடித்தார். எல்லாம் கக்கூஸ் தண்ணீர்.

பெரியவர் நான்கைந்து பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். தண்ணீர் குடித்தது முந்தின நாள் மதியம். விஷயம் தெரிந்தது மறுநாள் மாலை. இடையில் அவருக்கு ஏன் வாந்தி வந்தது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"கன்னத்துல அலகு குத்திகினு வந்தவனுக்கு கக்கூஸ் தண்ணி குடுத்துக்கீறீங்க. சாமி சும்மா உடுமா? ஏன்டா மய பேயலன்னு இப்ப தெரிது."

தலைமை ஆசிரியரும் வந்திருந்தார். "அந்தத் தண்ணி சுத்தமானதுங்க. பொண்ணுங்க வீட்டுலருந்து கொண்டுவந்தது. உங்க ஊர்க் கெணத்துத் தண்ணிதான்" என்றார்.

"நீ வாய மூடு சாரே. ஊருக்குள்ள கக்கூஸ் கட்டுனதே நீதான."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீதான தூக்கினு வந்த? யாரு எடுத்தாரச் சொன்னது? சொல்றா."

நைனா என் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் தலையில் பட்டது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா கதவு ஓரமாக, சுவரில் முதுகைச் சாய்த்து, என்னையே பார்த்தாள். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்தேன் என்று சொன்னால் நாலு அடி விழும். முந்தின நாள் என் தலையில் வைத்த கையே அடிக்கும். அவ்வளவுதான் என் கணக்கு. பதினொரு வயதுப் பையனுக்கு அதற்கு மேல் ஒன்றுமே ஆகியிருக்காது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

"அக்காதான் எடுத்துகினு போவச் சொன்னா. அவதான் சாவி குடுத்தா" என்றேன்.

அவள் மலைக்குப் போயிருந்தாள் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் குற்றவாளியாக நிற்பது பையன். பையனைக் குற்றம் சொல்வதில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. பெரியவர் அக்காவைப் பார்த்து, "ஆமாவா?" என்று கேட்டார்.

"ஆங்" என்றாள்.

நைனா அவளை அறைந்தார். அதற்கு முன்னால் அவர் அவளை அடித்ததில்லை. அம்மா அழுதுகொண்டே, "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்புன்னு தலதலயா அடிச்சிகினேன்" என்றாள். எல்லோரும் போன பிறகு நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"தொட்டி மூடிய ஒயுங்கா மூடினியாடா?" என்று கேட்டாள்.

மூடவில்லை. "மூடினேன்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் கடப்பாரை கொண்டுபோய்த் தொட்டியை உடைத்தார்கள். கக்கூஸ் கதவுக்கு வேறு பூட்டுப் போட்டு, எதிரே முள்ளை வெட்டிப் போட்டார்கள். தீட்டுக் கழிக்கப் பந்தல் இருந்த இடத்தில் பூசை போட்டு, அதற்கு நாலு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்கள். அந்த நாலு குடத்துக்குப் பஞ்சம் வரவில்லை. மழை மட்டும் பெய்யவில்லை. தலைமை ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

பத்தொன்பது பெண்களும் ஒருத்தர் பின் ஒருத்தராக நின்றார்கள். அக்கா கடைசி வரைக்கும் வந்தாள். காலாண்டுப் பரீட்சையின் மூன்றாம் நாள் எழுதிக்கொண்டிருந்தவள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிறகு அம்மா அனுப்பவில்லை. தை மாதத்தில் பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருந்த எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்லவர். அக்கா அந்த வீட்டில் நாற்பது வருஷம் தறிக்குத் தார் நூல் சுற்றினாள், குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தாள். இரண்டில் எதற்கு அதிக நேரம் போனது என்று அவளுக்கே தெரியாது.

நான் படித்தேன். கடலைக்காட்டை விற்று என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். பொருளாதாரம் படித்து, அரசாங்கத்தில் திட்ட அறிக்கைகள் எழுதும் வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றேன். குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத ஊர்களில் பெண்கள் படிப்பை விடுகிறார்கள், படிக்காத பெண்களின் வீடுகளில் வருமானம் உயருவதில்லை, வருமானம் உயராத ஊருக்குத் தண்ணீர் வருவதில்லை என்று எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல நடை என்று பாராட்டியிருக்கிறார்கள். எழுதும்போது ஒரு தடவையும் தொட்டியின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு பல வருஷம் ஒரு பெண்கூடப் பதினோராம் வகுப்பு முடிக்கவில்லை. அந்தப் பத்தொன்பது பேரில் ஒரு டீச்சரோ ஒரு நர்ஸோ வந்திருந்தால் எத்தனை கூரைகளுக்கு ஓடு வந்திருக்கும், அவர்கள் பெற்ற பெண்கள் எங்கே போயிருப்பார்கள் என்பது எந்த அறிக்கையிலும் வராது. நடக்காததை எழுதுவதற்கு அறிக்கையில் இடமில்லை.

போன வருஷம் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வேலூரில் சேர்த்தோம். டாக்டர் என் மகள் வயதுப் பெண். "சின்ன வயசுலருந்தே தண்ணி கம்மியாதான் குடிப்பாங்களா சார்?" என்று கேட்டார். "ஆமாம் டாக்டர். அவளுக்குத் தாகமே எடுக்காது" என்றேன். கட்டிலில் கிடந்த அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கதவு ஓரத்தில் நின்று பார்த்த அதே பார்வை. அப்போதும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

அவள் காரியம் முடிந்த பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது புதுக் கட்டிடம், டைல்ஸ் பதித்த கழிப்பறை, மேலே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. போர் வற்றிப்போய் இரண்டு வருஷமாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கழிப்பறை பூட்டியிருந்தது. அதிகாரிகள் பார்வையிட வந்தால் மட்டும் லாரித் தண்ணீர் ஊற்றித் திறப்பார்களாம். மதியம் மூன்று மணிக்கு நான் வளர்ச்சியைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளின் மடியில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. காலையில் கொண்டுவந்தபடியே எல்லாம் கழுத்து வரை நிறைந்திருந்தன. பேச்சைப் பாதியில் நிறுத்தினேன். முதுமை என்று நினைத்து நாற்காலி கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு காலை திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. தொட்டியை உடைத்து ஒரு வாரம் இருக்கும். அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மண்பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினேன். அந்த வீட்டில் அன்றைக்கு அதைவிடப் பெரிதாக யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாது. அவள் வாங்கினாள். செம்பைக் கொஞ்ச நேரம் இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீ குடிடா. எனக்குத் தாகமில்ல."

கோபமில்லை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அங்கேயே நின்று ஒரே மூச்சில் முழுச் செம்பையும் குடித்தேன். நல்ல குளிர்ச்சியாக இருந்தது.